நாற்பதாவது நிமிடம்

அந்த ஹார்ட் டிஸ்க்கை என் கணினியில் மாட்டிய நாளில் நேரம் குறித்து வைத்த தாள் இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. 10.12, 10.52, 11.32, 12.12. முப்பத்து நான்கு வருடம் பாசன வாய்க்கால்களில் நீர்மட்டம் குறித்துப் பழகிய கை எதையும் எழுதாமல் விடாது.

டிஸ்க் என்னுடையது அல்ல. என் கொல்லைக்குப் பின்னால் நிலம் வைத்திருந்த நண்பருடையது. தை அறுவடை முடிந்த மறுவாரம், காலையில் மோட்டார் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. வயது எழுபத்திரண்டு. பங்குனியில் ஒரு திங்கட்கிழமை அவர் மனைவி அந்த டிஸ்க்கை அவருடைய துண்டில் சுற்றி எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தார்.

“வெள்ளிக்கிழமை சர்வேயர் வர்றாங்கண்ணே. எல்லைக் கல்லு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரங்க போன வருஷம் வடக்கெல்லை முழுக்க நடந்து வீடியோ எடுத்து வச்சாங்க. அவங்க கம்ப்யூட்டர் இப்ப உசுரோட இல்ல. இதுமட்டும்தான் இருக்கு.”

எல்லையில் நின்ற தென்னைகள் புயலில் சாய்ந்தபின் வடக்கு வரப்பு ஒவ்வோர் உழவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்து வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் நண்பரின் தம்பி நிலம். நான்கு கற்களில் மூன்று காணாமல் போய்விட்டன. நான்காவது எங்கே என்று காட்ட முடியாவிட்டால் இப்போதைய வரப்பே எல்லை என்று தம்பி சாதிப்பார். பதினெட்டுக் குழி நிலம் போய்விடும்.

என் கணினி நானே பாகம் பாகமாக வாங்கிப் பதினேழு திருகு போட்டுச் சேர்த்தது. நான்கு வருடத்தில் ஒருமுறைகூடத் தானாக அணைந்ததில்லை. நண்பரின் டிஸ்க்கை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். சுழல ஆரம்பித்தது. நான்கு முறை கிளிக் என்றது. பிறகு திரையில் அவர் எழுதிவைத்த பெயரோடு அந்தக் கோப்பு வந்தது: ‘வடக்கு’. நேராக ஓட்டினால் முதல் நொடியிலேயே உறைந்தது, கணினியும் ஒருமுறை அணைந்து எழுந்தது. சரி, என் டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துக்கொள்வோம் என்று தொடங்கினேன். ஐம்பத்தைந்து நிமிடம் ஆகும் என்றது கணினி.

எழுபத்திரண்டு சதவீதத்தில் அணைந்தது.

அணைந்த கையோடு தானாகவே மறுபடி உயிர்பெற்றது. மின்சாரம் போய் வந்தால் தானாக எழும்படி நான்தான் அமைத்திருந்தேன், ஆனால் மின்சாரம் போகவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி பிரதி எடுத்தேன். எழுபத்திரண்டில் அணைந்தது. மூன்றாவது முறையும் எழுபத்திரண்டு.

மின்சாரம் போதவில்லை என்று முடிவு செய்து கணக்குப் போட்டேன். கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டி நானூற்றைம்பது வாட். உள்ளே இருப்பதெல்லாம் கூட்டினால் நூற்றுத் தொண்ணூறு. புது டிஸ்க் சுழலத் தொடங்கும்போது இன்னும் இருபத்தைந்து. கணக்குப்படி அது அணையவே கூடாது. ஒரே வயரை இரண்டாகப் பிரித்து டிஸ்க்குக்குக் கொடுத்திருந்தேன், அதை எடுத்துவிட்டு நேர் வயரைக் கொடுத்தேன். டிவிடி டிரைவைக் கழற்றினேன். டேட்டா கேபிளை மாற்றினேன். கிளிக் சத்தம் மட்டும் நான்கிலிருந்து ஏழாகியது.

செவ்வாய்க்கிழமை தஞ்சாவூர் போய்ப் புது எஸ்.எம்.பி.எஸ் வாங்கி வந்து மாட்டினேன். முதல் முறை பாதியிலேயே அணைந்தது. அடுத்த முறை மறுபடி எழுபத்திரண்டு.

என் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தன வயசுல போனாரு அவரு?”

எழுபத்திரண்டு. அவளுக்கும் தெரியும்.

“குடுக்க மாட்டேங்கிறாருன்னா விட்டுடுங்களேன். உயிரோட இருக்கறப்பவே ஒரு மம்பட்டி இரவல் தர மாட்டாரு.”

சிரிக்கத்தான் சொன்னாள். இருவருமே சிரிக்கவில்லை.

புதன்கிழமை காலை அந்தத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். அணைந்த நேரங்கள் பதினொன்று இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். நாற்பது, நாற்பது, நாற்பது. ஐம்பத்தைந்து நிமிட வேலையில் அது எழுபத்திரண்டு சதவீதம். கெட்டுப்போன ஒரு பொருள் இப்படிக் கணக்காகக் கெடாது. யாரோ நேரம் பார்த்து வந்து அணைக்கிறார்கள் என்று தோன்றியதும் முதுகு சில்லிட்டது. பட்டப்பகல், வெளியே வெயில் வெள்ளையாகக் காய்கிறது, நான் எழுந்து கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தேன். பிறகு வெட்கப்பட்டுத் திறந்து வைத்தேன்.

அடுத்த நாற்பதாவது நிமிடத்துக்குத் திரையைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தேன். 9.32. இறக்கை ஒரு மூச்சு தயங்கியது. கணினி அணைந்தது. அதே நேரம் கொல்லைக்குப் பின்னாலிருந்து கொக்குகள் எழுந்து பறந்தன. ஆறு கொக்கு.

கொல்லைக் கதவிலிருந்து, வடக்கு வரப்பையொட்டி நிற்கும் நண்பரின் மோட்டார் கொட்டகைக்கு அறுபத்திரண்டு அடி, ஓடினேன். குழாய் மூன்று முறை காற்றாக இருமியது, மனிதர் இருமுவதைப் போலவே. அப்புறம் தண்ணீர் கொட்டியது. யாரும் இல்லை. வயலில் பயிரும் இல்லை. ஆறு நிமிடம் கொட்டி, கிணற்றில் நீர் வற்றியதும் தானாக நின்றது. ஸ்டார்ட்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊறி வர முப்பத்து நான்கு நிமிடம். அதன்பின் தானே மறுபடி போட்டுக்கொள்ளும்.

இறந்த அன்று காலை, தானாகவே ஓடி நிற்கும்படி அவர் ‘ஆட்டோ’வில் போட்ட மோட்டார். இரண்டு மாதத்துக்கு மேலாக அது பகலும் இரவும் ஓடி ஓடி நிற்கிறது. கடைசி மின்கம்பத்தில் அவர் மோட்டாருக்கும் என் வீட்டுக்கும் ஒரே லைன். மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரிகிறது. ஒரு டிஸ்க்கோடு என் கணினி அதைத் தாங்கிவந்தது. இரண்டாவது டிஸ்க்கோடு தாங்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் முதுகுச் சில்லிப்பு போகவில்லை. அவருடைய டிஸ்க்கை அவருடைய மோட்டார்தான் அணைத்துக்கொண்டிருந்தது.

கடைக்குப் போன் செய்தேன். யு.பி.எஸ் சனிக்கிழமைதான் வரும் என்றார்கள். வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகத் துணிவில்லை. கிளிக் ஒன்பதாகியிருந்தது, டிஸ்க்கின் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. நண்பரின் மனைவியைப் போய்ப் பார்த்தேன்.

“மோட்டார ஒரு மணி நேரம் நிறுத்தணும்மா.”

அவர் முறத்தைக் கீழே வைத்தார். “அத யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேண்ணே. என் பொண்ணுகிட்டகூடச் சொல்லியிருக்கேன்.”

“தண்ணி வீணாத்தானே போவுது.”

“போவட்டும். நான் நிறுத்திட்டு மறுபடி போட்டா, அது நான் போட்டதாயிடும். இப்ப ஓடுறது அவங்க போட்டது.”

“பதினெட்டுக் குழிம்மா” என்று மட்டும் சொன்னேன்.

முறத்தை மறுபடி கையில் எடுத்தார். “எத்தன நேரம்னு சரியா சொல்லுங்க.”

“அம்பத்தஞ்சு நிமிஷம்.”

“அதயும் எண்ணி வச்சிருக்கீங்க” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை 9.30க்கு அவரே வந்து கொட்டகைக்குள் போனார். தடக் என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு அணைந்தது. அவர் வெளியே வந்து தொட்டிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே வந்து பிரதி எடுக்கத் தொடங்கினேன்.

எழுபது. எழுபத்தொன்று. நாற்பதாவது நிமிடத்தில் குழாய் இரும வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இத்தனை நாள் நான் கவனிக்காமலே கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது என்று இல்லாதபோதுதான் தெரிந்தது. எழுபத்திரண்டில் எண் நெடுநேரம் நின்றது. டிஸ்க் கிளிக் என்றது, மறுபடி கிளிக் என்றது. பதினான்கு வரை எண்ணினேன். எழுபத்துமூன்று வந்தது.

முடிந்ததும் பிரதியை ஓட்டினேன். படம் வருமுன் ஒலி வந்தது. மூன்று இருமல். தண்ணீர் கொட்டுகிற சத்தம், ஸ்பீக்கரிலிருந்து, வீடு முழுக்க.

கொல்லையில் செருப்பில்லாத கால் ஓடிவருவது கேட்டது. நண்பரின் மனைவி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே... தண்ணி விழுவுது. கொழாய் காஞ்சு கெடக்கு. தண்ணி விழுற சத்தம் கேக்குது.”

நான் திரையைக் கைகாட்டினேன். அதில் அவருடைய கணவரின் கால்கள் சேற்றில் நின்றன. பிறகு குரல். வடக்கெல்லையில் நடந்து மூன்று கற்களைக் காட்டிவிட்டு மீண்டும் கொட்டகைக்கே வந்தார். “நாலாவது கல்லு இந்தா, கொழா வாய்க்கு நேர் கீழ, ஒரு முழ ஆழம். இத எவனும் புடுங்க முடியாது. தண்ணி விழுந்துகிட்டே இருக்கிற எடத்துல எவன் ட்ராக்டர எறக்குவான்?” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

நண்பரின் மனைவி உட்காரவில்லை. நின்றபடியே மூன்று முறை பார்த்தார். மறுபடி ஓட்டச் சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போனார். அன்று மோட்டாரை அவர் மீண்டும் போடவில்லை. சேறு இறுகட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்தார். வரப்பையொட்டி எங்கும் புழுதி உழவு. குழாய்க்குக் கீழே மட்டும் ட்ராக்டர் சுற்றிக்கொண்டு போன தடம் வளைந்திருந்தது. நண்பரின் தம்பி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடப்பாரையை ஐந்தாவது முறை இறக்கியபோது ணங் என்றது.

சர்வேயர் குனிந்து கல்லின் தலையைக் கையால் துடைத்தார். “தப்பிச்சீங்க. இங்க மட்டும் சேறா இல்லேன்னா இதுவும் எப்பவோ போயிருக்கும். யாரு மோட்டார ஓட்டிக்கிட்டே இருந்தது?”

“அவங்கதான்” என்றார் நண்பரின் மனைவி.

“யாரு, வீட்டுக்காரரா? பட்டா அவரு பேருலதானே இருக்கு. கூப்பிடுங்க, ஒரு கையெழுத்து வேணும்.”

நண்பரின் மனைவி குழாயைப் பார்த்தார். காய்ந்த குழாயின் வாயில் ஒரே ஒரு துளி திரண்டு நின்றது. முந்தின நாள் காலையிலிருந்து மோட்டார் ஓடவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். துளி கல்லின்மேல் விழுந்தது.