கொம்பு சைக்கிளின் சீட்

எங்கள் குப்பத்தில் சைக்கிள் சீட்டுக்கு ஒரே சட்டம்தான். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் மணலில் பதிய வேண்டும். எப்போதோ எவனோ சரிந்து விழுந்திருப்பான். அந்த ஒருவனுக்காக ஊரே முழங்காலால் மோவாயை இடித்துக்கொண்டு மிதித்தது.

என் சைக்கிள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுடையது. மகாபலிபுரத்தில் நான்கு மாதம் தங்கி, அம்மாவிடம் தினமும் இறால் வாங்கியவள். ஊருக்குக் கிளம்பும்போது அதை அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போனாள். நடுக்கம்பி சரிந்திருந்ததால் தாவணியோடு ஏறலாம். ஹேண்டில்பார்தான் கிடாவின் கொம்பு மாதிரி முன்னால் நீண்டு கீழே வளைந்திருந்தது.

அப்போதுதான் கல்பாக்கத்தில் ஒரு காண்டிராக்டர் ஆபீஸில் எனக்குத் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. எங்கள் வம்சத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தது நான் ஒருத்திதான். டைப்ரைட்டிங்கில் ஹையரும் உண்டு. இதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு ஒரு நாளும் கழிந்ததில்லை. முதல் வாரம் பஸ்ஸை நம்பி இரண்டு நாள் தாமதமாகப் போனேன். மேனேஜர் வருகைப் பதிவேட்டில் இரண்டு சிவப்புச் சுழி போட்டு, "மூணாவது விழுந்தா வீட்லயே இருந்துக்கலாம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"இன்னாம்மா இது, கொம்பு மொளச்சிகீது? முட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"கிண்டல் பண்றவங்களத்தான் முட்டும். எனக்குத் தோதா சரிபண்ணிக் குடுங்கண்ணே."

அவர் சட்டப்படி சீட்டை அடிவரை இறக்கினார். கையோடு கொம்பையும் தலைகீழாகத் திருப்பினார். பிரேக் பிடிக்கக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் கையைத் தூக்க வேண்டியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் கொம்பைப் பழையபடி வைத்தார். சீட்டை மட்டும் தொடவில்லை.

"ஏத்தினா வுழுந்துடுவ. அப்பால உங்க நைனா வந்து என்னிய கேப்பாரு."

திங்கட்கிழமை நேரத்துக்குப் போய்விட்டேன். ஆனால் சீட் பள்ளத்திலும் கொம்பு தூரத்திலும் இருந்ததால் உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கி, பத்து விரலும் மரத்துப்போயிருந்தன. ஒரே கடிதத்தில் ஏழு தப்பு.

"பயமாம்மா?" என்றார் மேனேஜர்.

பயமா? எனக்கா? டைப் கற்றுக்கொள்ளப் போனபோது முதல் நாளே மாஸ்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாற்காலி தாழ்ந்தால் மணிக்கட்டு மெஷின் மேல் விழும், விரல் ஓடாது. சைக்கிளுக்கும் அதுதானே?

அன்று சாயங்காலமே ஒரு ஸ்பானர் வாங்கினேன். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளும் அளவுக்குச் சீட்டை ஏற்றினேன். முதலில் அதைப் பின்னால் தள்ளிவிட்டு, கொம்பை எட்டக் காயப்போட்ட கருவாடு மாதிரி நீட்டிப் படுக்க வேண்டியிருந்தது. பிறகு முன்னால் இழுத்தேன். சீட்டின் மூக்கில் முழங்கையை ஊன்றினால் விரல்நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். கொம்பைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தேன். முதுகு வளையாமல் இடுப்பு மட்டும் மடிந்தது. கையில் பாரமே இல்லை. நின்றால் கால்விரல்நுனி மட்டும் தரையில் படும். அது போதும்.

செவ்வாய்க்கிழமை கடல்காற்று எதிரே அடித்தது. கொம்பின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்துகொண்டேன்.

"டேய், நம்ம டைப்பு படுத்துகினே போவுதுடா!" என்று வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார்.

"படுத்துகினே உன்ன முந்துவேன், வர்றியா அண்ணாத்த?"

புதன்கிழமை காலையில் பார்த்தால் சீட் மறுபடியும் அடியில். அம்மாவின் வேலை.

"அந்தரத்துல தொங்கிகினு போற. பொம்பளப் புள்ளைக்குக் காலு தரையில இருக்கணும்டி."

சீட்டை ஏற்றிக்கொண்டு போனேன். வியாழக்கிழமை சீட்டும் கீழே இருந்தது, ஸ்பானரையும் காணோம். மணி எட்டு, ஆபீஸ் ஒன்பதுக்கு. பானைக்குள், பாய்க்கு அடியில், எங்கும் இல்லை. அம்மா மீன்கூடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்பானர் எங்கம்மா?"

"எனக்கு இன்னா தெரியும்? கீழ இருந்தா ஓடாதா வண்டி?"

"வண்டி ஓடும். விரலு ஓடாது. தப்புத்தப்பா அடிச்சாலும் அனுப்பிடுவான், லேட்டா போனாலும் அனுப்பிடுவான். அப்பால நாளையிலேர்ந்து உன்கூடத்தான் கூடை தூக்கினு வரணும்."

அம்மா துடைப்பதை நிறுத்தினாள்.

"நீயா? மீனு வாங்க வர்றவங்களுக்கெல்லாம் இங்கிலீசு சொல்லிக் குடுப்ப. எம் பொழப்பே பூடும்."

இடுப்புச் செருகலிலிருந்து ஸ்பானரை உருவி என் காலடியில் போட்டாள்.

ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்திருந்த மேனேஜர், அதை மூடினார். அன்றைக்குப் பதினோரு கடிதம், ஒரு தப்புகூட இல்லை. மேனேஜர் கேட்காமலே அதைப் போய்ச் சொன்னேன்.

ஸ்பானர் அதன்பிறகு சோற்று டப்பாவோடு என் ஆபீஸ் பையிலேயே இருந்தது. அம்மா இன்னமும் சாயங்காலங்களில், நான் பார்க்காத நேரமாகப் பார்த்து, அந்தச் சீட்டை இறங்குமா என்று இரண்டு கையாலும் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பாள்.