கொடைக்கானல் குளிருக்கு ராதாபுரத்துக் கோழி

கார்த்திகை இருபதாம் தேதி காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் இறங்கினேன். மலையடி அம்மையநாயக்கனூரிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு ஒரு ரூபாய் பத்தணா. அந்தக் காசுக்கு உட்கார இடம் கிடையாது. மணியாச்சியில் வண்டி மாறி, கொண்டுவந்த வெறுங்கோழிக்கூடை இரண்டின் மேல் குந்திக்கொண்டு வந்தேன். ஒரு கூடை நசுங்கிப்போயிற்று.

கொடைக்கானலைக் கண்ணால் பார்க்காதவர்கள் அதைச் சொர்க்கம் என்கிறார்கள். கோடையில் வந்து போகிறவர்களுக்குச் சொர்க்கம்தான். நான் அங்கே ரோடு வேலை மேஸ்திரி. தை மாதம் புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடக்கும்போது, சொர்க்கம் என்றவன் எவனும் அங்கே இருப்பதில்லை.

என் மனைவி பேச்சி ராதாபுரத்துக்காரி. வெயிலில் வளர்ந்தவள். மலையில் அவளுக்குச் சொந்தம், பந்தம், பேச்சுத்துணை எல்லாம் கோழிகள்தான். அந்தக் கோழிகள் இரண்டு தடவை எங்களிடம் செத்தன.

முதல் தடவை தப்பு எங்களுடையது. எங்கள் பக்கத்தில் கோழி சுணங்கினால் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்துச் சுற்றிலும் சாக்குப் போட்டு மூடுவோம். காற்று வறண்ட ஊரில் அது சரி. மலையிலும் அதையே செய்தோம், ஈ நுழைய இடமில்லாமல். கோழிகள் விட்ட மூச்சு சாக்கில் நீராய்க் கோத்து அவற்றின் மேலேயே சொட்டியது. விடியும்போது அந்த ஈரம் உறைந்தது. சேவலின் கொண்டை கருகிய அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் கறுத்தது. பிறகு அது தீனி எடுக்கவில்லை. பெட்டைகளும் ஒவ்வொன்றாய்ப் போயின.

இரண்டாம் தடவை ஒரு பங்களாத் துரையிடம் சீமைக்கோழி வாங்கினேன். விரல்நுனி வரை காலில் இறகு. குளிர் தேசத்துக் கோழி என்றார் துரை. மழை பிடித்ததும் கால் இறகில் சேறு அப்பிக் காய்ந்து, மறுபடி நனைந்து, புண்ணாகி அழுகியது. குளிர் எல்லா ஊரிலும் ஒரே குளிர் இல்லை. அதை அவர் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பேச்சி அழவில்லை. "எங்க வீட்டுச் செவலச் சேவல் வம்சமாப் பாத்துக் கொண்டாங்க. அதுவும் செத்துச்சுன்னா நான் பிள்ளையளக் கூட்டிட்டு ஊருக்குப் போயிருவேன். நீங்க ரோட்டக் கட்டிக்கிட்டு இங்கனயே கிடங்க" என்றாள். அவள் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை.

ஸ்டேஷனிலிருந்து ராதாபுரத்துக்கு முப்பது மைலுக்கு மேல். மாட்டுவண்டிக்காரர் போகவர ஐந்து ரூபாய் கேட்டார், நாலுக்கு முடிந்தது. பாலத்தில் ஏறும்போது கீழே தாமிரபரணி கரை தொட்டுச் செங்காவி நிறத்தில் ஓடியது. வண்டிக்காரர் கூடைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கோழி வாங்கவா அண்ணாச்சி மலையிலருந்து வாரீய? பாளையங்கோட்டையிலயே கோழி இருக்கே."

"இருக்கட்டும்."

"ராதாபுரத்துக் கோழி என்ன, தங்கத்துலயா முட்டை போடுது?"

"பொண்டாட்டி ஊரு வே அது."

"அப்பச் சரி. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்."

நாங்குநேரிச் சத்திரத்தில் இரவு தங்கினோம். அதைத் தாண்டியதும் நெல் வயல் குறைந்து பனை நிறைந்தது. மறுநாள் மதியம் ராதாபுரம் சேர்ந்தபோது கார்த்திகையிலும் முதுகில் வெயில் அடித்தது. மலைக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன்.

பேச்சியின் தம்பி சுடலைமுத்து சோறு போட்ட கையோடு செவலைச் சேவலைத் தூக்கிவந்தான்.

"கொண்டையப் பாருங்க அத்தான். செம்பருத்தி மாதிரி சாஞ்சு கிடக்கு."

"இந்தக் கொண்டை தை மாசம் பாக்கக் கிடைக்காதுலே."

"ஏன், அங்கன யாரும் வெட்டுதாவளா?"

"குளிரு வெட்டும்."

அவன் நம்பவில்லை. சேவலுக்குக் கொண்டைதான் அழகு, கொண்டைதான் பலம் என்பது அந்த ஊர்க் கணக்கு. அவனோடு வாதாடாமல் பெட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றாய்த் தூக்கி எடை பார்த்து, இறகை ஊதி அடியில் பஞ்சு மாதிரி சிறு இறகு அடர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். காலில் இறகு இருக்கக் கூடாது. கொண்டை பயறளவு இருந்தால் போதும்.

"இதுதான் அதிகம் முட்டை போடும்" என்று சுடலை ஒரு மொட்டைக்கழுத்துக் கோழியை நீட்டினான்.

"கழுத்துக்குத் துணி தைச்சுப் போடுவியா?"

"அக்கா தைப்பா."

இப்படி ஆறு பெட்டைகள் தேறின. சேவல்தான் தேறவில்லை. ஊரில் நாலு வீடு ஏறி இறங்கினேன். எல்லாம் தலையில் பூ வைத்த சேவல்கள். கோபத்தோடு திரும்பி வந்து கொல்லையில் கால் கழுவும்போது, மூலையில் கவிழ்த்திருந்த பஞ்சாரத்துக்குள் ஏதோ அசைந்தது.

"அது என்னலே?"

"அது வேண்டாம் அத்தான்."

நானே தூக்கிப் பார்த்தேன். செவலை நிறம், அகன்ற நெஞ்சு, சுத்தமான கால். தலையில் கொண்டையும் இல்லை, தாடியும் இல்லை. சண்டைச் சேவலுக்கு எதிராளி அலகால் பிடிக்க இடம் இருக்கக் கூடாதென்று இளசிலேயே இரண்டையும் அறுத்துவிடுவார்கள். சேவலைச் சேவல் கிழிப்பதைச் சுற்றி நின்று கூச்சல் போடுகிறவர்களை மலையில் பாறை உடைக்க அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. இப்போதும் அதுதான். ஆனால் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தபடி நின்றேன். குளிர் கருக்குவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

"செவலைக்குப் பிறந்ததுதானா?"

"அதுக்கேதான். அதுதான் அசிங்கம்" என்றான் சுடலை. "ஆடியில சண்டைக்கு விட்டேன். முதல் சுத்துலயே வேலி தாண்டி ஓடிட்டு. ஊரே சிரிச்சுது. ஞாயித்துக்கிழமை குழம்பு வைக்கணும்."

"இதக் குடு."

"அக்கா கொன்னுருவா அத்தான். எங்க வீட்டுச் சேவலக் கேட்டா மொட்டத்தலையன அனுப்பியிருக்கான்னு சொல்லுவா."

"நீ இங்கனதான இருக்க. அடி வாங்கப்போறது நான்."

திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்த யோசனைதான். கொண்டைச் சேவலைக் கொண்டுபோனால் அவள் முதல் நாள் சிரிப்பாள், தை மாதம் மூட்டை கட்டுவாள். இதைக் கொண்டுபோனால் முதல் நாளே கட்டலாம். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர் கூடைக்குள் எட்டிப்பார்த்து, "சீக்கா?" என்றார். "இல்லை, தோத்தது" என்றேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலையடியில் கூலி ஆள் இருவரோடு விடியலில் ஏறத் தொடங்கி, அந்தி சாயும்போது வீடு சேர்ந்தேன். பேச்சி பெட்டைகளை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தாள். சேவலை வெளியே எடுத்தேன்.

"தலை என்னாச்சு?"

"உன் தம்பி அறுத்தான். சண்டைக்கு விட்டு, இது ஓடிட்டு. செவலைக்குப் பிறந்ததுதான். கொண்டை இருந்தா நம்ம முதல் சேவல் செத்த மாதிரி இதுவும் சாகும். இதுக்கு மேல உன் இஷ்டம்."

அவள் அதை மடியில் வைத்துத் தலையைத் தடவினாள். அறுத்த இடம் தழும்பேறிக் கெட்டியாக இருந்தது.

"ஊர்ல ஜெயிச்சிருந்தா நாம மட்டும் இங்க எதுக்கு வந்திருக்கப் போறோம்" என்றாள்.

இந்தத் தடவை சாக்குப் போடவில்லை. கூட்டுக்கு மேலே கூரையோரம் காற்றுப் போக ஒரு சாண் இடம் விட்டுப் பலகை அடித்தேன். தரையில் காய்ந்த புல். ராதாபுரத்தில் கோழிக்குக் கூரையே வேண்டாம், மரத்தில் ஏறித் தூங்கும். அங்கே பருந்துக்கும் கீரிக்கும் பயப்பட்டால் போதும். இங்கே அதன் மூச்சுக்கே நாம் வழி செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

தையில் புல் வெளுத்தது. பக்கத்து வீட்டுச் சேவலின் கொண்டை கறுத்தது. எங்களுடையது விடியலில் கூவியது; இரண்டு பெட்டைகள் முட்டையிட்டன. பேச்சி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூட்டுப் பக்கம் போய் வந்து, தம்பிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள்.

"என்னன்னு எழுத?"

"தோத்த சேவல் இன்னொன்னு இருந்தா, குழம்பு வைக்காம வச்சிருக்கச் சொல்லுங்க. அடுத்த வருஷம் ஆள் அனுப்புதோம்னு எழுதுங்க."