கதவிடுக்கில் வைத்த துண்டு

போன வருஷம் ஆயுத பூஜை லீவோடு இன்னும் சில நாள் சேர்த்துப் போட்டு, நானும் என் தங்கையும் லடாக் போயிருந்தோம். மேற்குத் தாம்பரத்தை விட்டு அதிகபட்சமாகக் கொடைக்கானல் வரை போன குடும்பம் எங்களுடையது. அதுவும் சர்ச்சில் எல்லோருமாகச் சேர்ந்து பஸ் பிடித்துப் போனதுதான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் தங்கை, பனிமலையையும் பாலைவனத்தையும் ஒரே வாரத்தில் காட்டுகிறோம் என்று கிளம்பிய ஒரு இளைஞர் குழுவில் எங்களைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

அவள் காலேஜில் விலங்கியல் படிக்கிறாள். லடாக்கில் இரண்டு திமில் உள்ள ஒட்டகம் இருக்கிறதாம். அதைத் தொட்டுப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காதாம். அப்பா யோசித்து யோசித்து, "அக்கா கூட வந்தா போ" என்று சொல்லிவிட்டார். இப்படித்தான் மலையும் வேண்டாம், மணலும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கினால் போதும் என்றிருந்த நான் ஸ்வெட்டர் வாங்கக் கிளம்பினேன்.

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது அம்மா எங்கள் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டு என்னிடம் சொன்னார்: "உன்ன நம்பித்தான் அனுப்பறேன். எப்படிக் கூட்டிட்டுப் போறியோ, அப்படியே கூட்டிட்டு வரணும்." எனக்கு அது மலை ஏறுவதைவிடப் பெரிய வேலையாகத் தெரிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து தங்கையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தேன். தண்ணி குடிச்சியா, தொப்பி எங்கே, ஓரமா நிக்காதே என்று லே போய்ச் சேர்வதற்குள் அவள் காது புளித்துப் போயிருக்கும்.

குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லோரும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள்தான். ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதில் பீர்க்கன்கரணை என்று ஒருவன் இருந்தான். ஏதோ கூரியர் கம்பெனியில் வேலை. வாய் ஓயாது. காலையில் டீ வந்தால் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஊரைக் கூட்டி எழுப்புவான். லேயில் இரண்டாம் நாள் விடிந்தும் விடியாததுமாக எங்கள் கதவை அவன் தட்டிய தட்டில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கதவைத் திறந்து, "ஒரு தடவ தட்டு. பதில் வரலன்னா போயிடு. மத்தவங்களுக்கும் தூக்கம்னு ஒண்ணு இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். "சாரிக்கா" என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். தங்கைக்கு என்மேல் வருத்தம். அவளும் அவனும் வழியெல்லாம் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொண்டே வருவார்கள்.

அடுத்த நாள் பெரிய கணவாயைத் தாண்டினோம். வேன் ஏற ஏற இரண்டு பக்கமும் பனி. உச்சியில் இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. மறுபக்கம் இறங்க இறங்கப் பனி போய்ப் பாறை வந்தது, பாறை போய் ஆறு வந்தது, அப்புறம் நிஜமாகவே மணல்மேடுகள். சுற்றிலும் வெள்ளை மலைகள், நடுவில் மெரினாவை அள்ளிக் கொட்டின மாதிரி மணல். என்னைப் போன்ற சிடுமூஞ்சிக்கே வாயடைத்துப் போயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணல்மேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் தங்க ஏற்பாடு. சாயங்காலம் ஒட்டகச் சவாரி, அதுவரை ஓய்வு என்றார்கள். தங்கைக்கு வழியிலேயே சளி பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மேகம் மூடி, காற்று வேறு மணலை வாரி அடித்தது. அவள் உடம்பு நடுங்குவதைப் பார்த்ததும் நான் வீட்டுக்காரர்களிடம் ஓடினேன். அந்த வீட்டம்மா சிலிண்டர் வைத்த ஒரு கேஸ் ஹீட்டரைக் கொண்டுவந்து பற்றவைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஜன்னலை ஒரு சாண் அளவுக்குத் திறந்து, இதை மூடக்கூடாது என்று விரலை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர், இவருக்கு இதெல்லாம் ஒரு குளிரா, நம் உடம்புக்கு இது ஆகுமா என்று. அவர் தலை மறைந்ததும் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.

அதோடு விட்டேனா? தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு அறையில்தான் ஏசி. வெயில் காலத்தில் நாலு பேரும் அதில்தான் படுப்போம். ஏசியைப் போட்டதும் கதவுக்குக் கீழே இருக்கும் சந்தில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கூல்' எல்லாம் ஹாலுக்குப் போய்விடும் என்று அப்பா சத்தம் போடுவார். சின்ன வயதிலிருந்து அந்த வேலை என்னுடையது. இங்கேயும் கை தானாகவே துண்டைத் தேடியது. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக் கூடாது, வெளியே இருக்கும் மணல் உள்ளே வரக் கூடாது. கதவைத் தாழ்ப்பாள் போட்டு, கீழே துண்டைச் சுருட்டித் திணித்தேன். ஜன்னல் இடுக்கில் அவளுடைய மஃப்ளரைச் செருகினேன். அறை கதகதவென்று ஆனதும் எனக்கு அப்படி ஒரு திருப்தி.

கொஞ்ச நேரத்தில் தங்கை, "அக்கா, ஒரு மாதிரி இருக்கு. ஜன்னல கொஞ்சம் திறக்கலாமா?" என்றாள்.

"சளிய வச்சிக்கிட்டு ஜன்னல் கேக்குதா உனக்கு? பேசாமப் படு" என்றேன்.

அவள் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் தலை வலித்தது. உயரமான இடத்தில் தலைவலி வரும் என்று வேனில் சொல்லியிருந்தார்கள், அதுதான் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

கதவு தட்டுகிற சத்தத்தில்தான் விழிப்பு வந்தது. "அக்கா, டீ ரெடி! ஒட்டகம் வெய்ட்டிங்ல கீது!" பீர்க்கன்கரணையின் குரல். எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. கால் இருக்கிற இடமே தெரியவில்லை. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பக்கத்தில் படுத்திருந்த தங்கையின் தோளைத் தொட்டு அசைத்தேன். அவள் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது, கண் திறக்கவில்லை. மறுபடி அசைத்தேன். அப்போதுதான் இது தூக்கம் இல்லை என்று எனக்கு உறைத்தது.

வெளியே அவன் ஒரு தடவைதான் தட்டினான். கொஞ்சம் நின்றான். அப்புறம் அவன் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. போகாதேடா, போகாதேடா என்று மனசுக்குள் கதறினேன். பதில் வராவிட்டால் போய்விடு என்று சொன்னவளே நான்தானே. ஆண்டவரே, என்னை என்ன வேண்டுமானாலும் பண்ணும், அவளை விட்டுவிடும் என்றுதான் அந்த நேரத்தில் வேண்ட முடிந்தது. கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்தது ஞாபகம் இருக்கிறது. கதவு நாலடி தூரம்தான் இருக்கும். அந்த நாலடியை என்னால் கடக்க முடியவில்லை.

திடீரென்று மறுபடியும் கதவு இடிபட்டது. இந்த முறை தட்டல் இல்லை, உதை. கதவை ஒட்டிய ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது, அடுத்த நொடி கண்ணாடி உடைந்து விழுந்தது. சில்லென்ற காற்றும் மணலும் என் முகத்தில் அடித்தன. அவ்வளவு நேரம் எதற்குப் பயந்தேனோ, அந்தக் காற்றை வாயைப் பிளந்து குடித்தேன். அவன் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேட, மற்றவர்கள் கதவை முட்ட, கடைசியில் கதவு திறந்துகொண்டது. எங்கள் இரண்டு பேரையும் முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள்.

வேனிலேயே பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூடிய அறையில் ஹீட்டர் எரிந்தால் விஷவாயு உண்டாகும், அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, தூங்குகிறவர்கள் அப்படியே போய்விடுவார்கள் என்று டாக்டர் எங்கள் குழுவை ஊரிலிருந்து கூட்டிவந்த தம்பியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் தங்கையின் இமை அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு வழியாகக் கண்ணைத் திறந்தாள். மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ முனகினாள். நர்ஸ் மாஸ்க்கை நகர்த்தினார்.

"ஒட்டகம் போயிடுச்சா?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அந்த ஊரில் நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் எதுவும் வேலை செய்யாது. ஆபீஸ் கொடுத்த போஸ்ட்பெய்டு போன் என்னிடம் இருந்தது. அதில் அம்மா கூப்பிட்டார். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நல்லா இருக்கோம் என்றேன். "குளுரா இருக்கும்டி. ஜன்னலெல்லாம் இறுக்கிச் சாத்திட்டுப் படுங்க" என்றார் அம்மா. சரிம்மா என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பீர்க்கன்கரணை ஆஸ்பத்திரி வாசலில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடி கிழித்திருந்தது. போயிட்டு எதுக்குடா திரும்பி வந்தே என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரி ஒரு தடவ தட்டிட்டுப் போய்க்கினுதான் இருந்தேன்க்கா. பாதி வழில ஒரு டவுட்டு. ஒட்டகத்த வச்சிக்கினு உங்க தங்கச்சி எங்க தூங்கும்? சான்ஸே இல்லன்னு திரும்பி வந்தேன்" என்றான்.

இருபது வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கும் எனக்குத் தோன்றாதது, மூணு நாள் பழகின அவனுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அவள் சளி தெரிந்தது, தொப்பி தெரிந்தது, அவளைத் தெரியவில்லை. நன்றி என்று சொல்லப் போனால், "விடுங்கக்கா, டீதான் வேஸ்ட்டா போச்சு" என்று பேச்சை மாற்றிவிட்டான்.

மறுநாள் காலையில் டாக்டர் இருவரையும் நன்றாகப் பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை, தங்கை கொஞ்சம் நடமாடலாம், நான் மட்டும் இன்னும் ஓய்வெடுக்க வேண்டும் என்றார். எனக்கு நிற்கும்போது தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஒட்டகமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இப்போதே டாக்ஸி பிடித்து லே, அங்கிருந்து நேராக வீடு என்று முடிவு செய்துவிட்டேன். தங்கையிடம் சொன்னேன்.

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "சரிக்கா, நீ சொன்னா வரேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டு, நான் அதட்டியதும் இப்படித்தானே பேசாமல் படுத்தாள் என்று எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

"பைய வை. உனக்குப் போகணும் போல இருக்கா? நெஜத்த சொல்லு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

போயிட்டு வா என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வேனில் மணல்மேட்டுக்குத் திரும்பியதும், ஓரமாக ஒரு குட்டிச் சுவரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் ஒட்டகத்தின் இரண்டு திமிலுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்து, அதன் கழுத்து மயிரைத் தடவித் தடவிப் பார்த்தாள். பின்னால் வந்த ஒட்டகத்தில் பீர்க்கன்கரணை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, இறங்க வேண்டும் என்று அலறிக்கொண்டிருந்தான். வரிசை மெல்ல மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அவள் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். ஆனாலும் நான் எழுந்து ஓடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் திரும்பி வரும் வரை உட்கார்ந்தே இருந்தேன். திரும்பி வந்தவள் தலையெல்லாம் மணலோடு என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஊருக்கு வந்துதான் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னோம். அன்று முழுக்க அம்மா எங்கள் இருவர் கையையும் விடவே இல்லை. என் சுபாவம் ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. தண்ணி குடிச்சியா என்று இன்றைக்கும் கேட்கத்தான் செய்கிறேன். ஆனால் யாருடைய நன்மைக்காகவோ நானே ஒரு முடிவெடுத்து அடித்துப் பேச வாயைத் திறக்கும்போதெல்லாம், "ஒரு மாதிரி இருக்கு" என்று அவள் சொன்ன குரல் காதில் கேட்கிறது, உடனே நிறுத்திவிட்டு, "உனக்கு எப்படி இருக்கு, சொல்லு" என்று கேட்டு, பதில் வரும் வரை காத்திருக்கிறேன்.