பஸ்ஸில் ஏறிய பெண்

ரோஜாப் பண்ணை வேலையை விட்டுவிட்டுப் பாகலூர் ரோட்டில் ஓசூரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பண்ணையில் எனக்கு மருந்தடிக்கும் வேலை. கண் எரிந்துகொண்டே இருந்தது. அதைவிடச் சின்னக் காரணங்களுக்காகவும் நான் வேலையை விட்டிருக்கிறேன். தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு போர்வை. குடகில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது போதும்.

கெலவரப்பள்ளி அணைக்குப் பிரியும் இடத்தைத் தாண்டியபோதுதான் பின்னால் ஒரு பெண் வருவதைக் கவனித்தேன். பதினாறு வயதிருக்கும். நான் நின்றால் நின்றாள், நடந்தால் நடந்தாள். காலுக்குப் பொருந்தாத பெரிய ஆம்பளைச் செருப்பு.

"என்னாம்மா, எதுக்கு என் பின்னாடியே வர்ற?"

"நீ நிக்காம நடண்ணா. அப்பன் கூடப் போற மாதிரி இருக்கட்டும்."

"அப்பனா? எனக்கு முப்பதுதான் ஆவுது."

"தாடிய எடுத்துட்டுச் சொல்லு, நம்பலாம்."

நடந்தபடியே மிச்சத்தைச் சொன்னாள். சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ஓசூரில் கம்பெனி வேலை, ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை லீவு என்று ஒரு பொம்பளை கூட்டி வந்திருக்கிறாள். இறக்கிவிட்டதோ கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், சர்ஜாபூருக்கு அருகில் ஒரு வீட்டில். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். இவளைப் போல இன்னும் சில பெண்கள் அங்கே இருந்தார்கள். வீட்டு வேலை, கதவுக்கு வெளிப்பூட்டு. அடுத்த வாரம் வடக்கே அனுப்பிவிடுவதாகப் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது. காலையில் குப்பை கொட்ட வெளியே விட்டபோது, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"ஓடி வந்தியா?"

"ஓடினா எல்லாரும் பாப்பாங்கண்ணா. நடந்தா யாரும் பாக்கறதில்ல."

உன் அம்மாவுக்குப் போன் பண்ணலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அந்தப் பொம்பள எங்க பக்கத்து வீடுதாண்ணா. அம்மாவுக்கு அழுவ வந்தா அங்கதான் போயி அழுவும். நான் இருக்கிற இடம் அவளுக்குத் தெரிஞ்சிரும்."

போலீஸ் என்றேன். அவள் நடையை வேகமாக்கினாள். நானும் வற்புறுத்தவில்லை. போலீஸில், போர்வையை விரித்துப் படுத்த இடத்திலிருந்து என்னை எழுப்பி விரட்டியவர்களைத்தான் எனக்குத் தெரியும்.

சாயங்கால வெயில் இறங்கும் நேரம். முன்னால் தெரிந்த கடைகளில் கர்நாடக நம்பர் பைக் ஒன்று நின்று நின்று போவதைப் பார்த்தோம். பைக்காரன் ஒவ்வொரு கடையிலும் தன் போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து டீக்கடையில் ஒரு கம்பெனி பஸ் நின்றிருந்தது. ஷிஃப்ட் முடிந்த பெண்கள் சாம்பல் நிறக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஜ்ஜி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பார்த்து, "சாப்டியா?" என்றார். தன் பஜ்ஜியைக் கொடுத்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டினார். ஒருத்தி அவளுடைய பின்னலைச் சுருட்டிக் கிளிப் போட்டாள். இன்னொருத்தி தன் அடையாள அட்டையை அவள் கழுத்தில் தொங்கவிட்டாள். அவளை நடுவில் விட்டு எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள்.

டிரைவர் டீ கிளாஸோடு ஓடி வந்தார். "வேற ஆள ஏத்தினா என் வேல போயிரும்க்கா."

"போன மாசம் உன் மச்சானை ஏத்தினியே, அப்ப போவலையா?"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் டீயைக் குடித்துவிட்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார்.

பைக்காரன் முதலில் என்னிடம்தான் வந்தான். போனில் அவள் ரெட்டை ஜடையும் பள்ளிக்கூடச் சட்டையுமாக இருந்தாள். "எங்க பெரியப்பா பொண்ணு. வீட்ல கோச்சிக்கினு வந்துட்டுது," என்றான். பார்க்கவில்லை என்றேன். அவன் பஸ் படியில் கால் வைத்தான்.

அதற்கு முன்பே அக்கா அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்: "தலைய குனியாத. குனிஞ்சா கண்டுபுடிச்சிருவான். எங்கள மாதிரி கத்து."

"யாருண்ணா வேணும்? நல்லாப் பாரு, நானா?"

"என்னக் கூட்டினு போறியா? ரெண்டு புள்ளைங்க இருக்குது, பரவால்லியா?"

"போட்டோவ இப்பிடிக் காட்டு. ஐய, நீ எடுத்ததா? ஒன்னுமே தெரியலியே!"

எல்லாக் குரலுக்கும் மேலே, ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்: "ணோவ், எறங்குண்ணா! வீட்டுக்குப் போவணும், பசிக்குது!"

அது அவள்தான். பயந்த முகம் ஒன்றைத் தேடி வந்தவன், கத்துகிற முகங்களை எவ்வளவு நேரம் பார்ப்பான்? இறங்கிப் பைக்கை எடுத்துக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போனான். அவன் கண்ணிலிருந்து மறைந்ததும்தான் அவள் அழுதாள். அக்கா அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். கிருஷ்ணகிரியில் பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து அழைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

"நீ வரலியாண்ணா?" என்று ஜன்னலில் கேட்டாள்.

"லேடீஸ் பஸ்மா."

"போய்ச் சேந்துட்டேன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

என்னிடம் போன் இல்லை. "காலையில இதே பஸ்சு இந்த வழிதான் வரும்," என்றார் டிரைவர்.

அன்றிரவு அந்தக் கடை வாசலிலேயே படுத்துக்கொண்டேன். காலையில் பஸ் வந்தபோது அக்கா அதில் இல்லை. லீவு போட்டுவிட்டு அவளோடு இருந்துவிட்டாராம். அடையாள அட்டையைக் கொடுத்த பெண் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"நல்லாத் தூங்கிச்சுண்ணா. அந்த வூடு எங்கருக்குதுன்னு போலீசுக்கு வழி சொல்லிட்டுது. மத்த பொண்ணுங்களக் கூட்டியாரப் போயிருக்காங்க. அம்மாவ மட்டும் வரச் சொல்லுது, பக்கத்து வூட்டுக்குத் தெரியாம. ஆபீசருங்களே நேர்ல போயி கூட்டியாராங்களாம்."

"எப்ப வருவாங்க?"

"அக்கா சொன்னாத்தான் தெரியும். சாயங்காலம் பஸ்ல சொல்றேன்."

குடகுக்குப் போகும் பஸ் ஓசூரில் கிடைக்கும். நான் டிரைவர் பக்கம் போய், பஸ் கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அவர் என் பையையும் தாடியையும் பார்த்தார்.

"இருப்பியா, நாளைக்கே ஓடிருவியா?"

"அந்தப் பொண்ணு அம்மாகிட்ட போயிச் சேர்ற வரைக்கும் இருப்பேன்."

ஏறச் சொன்னார். கம்பெனி ஷெட்டில் பெண்கள் இறங்கிப் போனதும், ஒரு வாளியும் துடைப்பமும் கொடுத்தார். சீட்டுக்கு அடியில் எண்ணெய்க் காகிதங்கள் நிறையக் கிடந்தன. பின் சீட்டிலிருந்து கூட்ட ஆரம்பித்தேன்.