தறிக்குழிமேல் எழும்பிய சுவர்

மாதேஸ்வரனைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "அந்த ஆளைப் பத்தி எழுத என்ன இருக்கு? வந்தாரு, தோண்டினாரு, போனாரு" என்றாள். எங்கள் சேலம் அம்மாபேட்டையில் பாதிப் பேருக்கு அவர் அவ்வளவுதான். மீதிப் பேர் அவரைத் திட்டுவார்கள். நம் வீட்டைப் பற்றி உண்மை சொன்னவனை யாருக்குப் பிடிக்கும்?

அவர் மல்லசமுத்திரத்துப் பக்கம். பத்தொன்பது வயதில் ரிக் வண்டி ஏறி, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று பதினாலு வருஷம் போர்வெல் போட்டவர். ஆயிரம் அடி இறக்கியும் வெறும் புழுதி வந்தால், இடம் காட்டிய நீரோட்டக்காரரை விட்டுவிட்டு ரிக்காரனைத்தான் அடிக்க வருவார்களாம். ஓர் ஊரில் வேப்பமரத்தில் கட்டியே வைத்துவிட்டார்கள். அதோடு அந்தப் பிழைப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சேலம் வந்தார். பழைய வீடுகளின் அஸ்திவாரத்தைச் சரிசெய்வது, தரைக்கடியிலிருந்து ஏறும் ஈரத்தை நிறுத்துவது என்று தொழிலை மாற்றிக்கொண்டார்.

"மொதப் பாதி ஆயுசு தண்ணி வரலைன்னு திட்டு வாங்கினேனுங்க. இப்ப தண்ணி வருதுன்னு திட்டு வாங்கறேன். தண்ணிக்கும் எனக்கும் ஏதோ பங்காளிச் சண்டைங்க" என்பார்.

எங்கள் தெருவில் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. எனக்குக் கல்யாணமானபோது வீட்டுக்குள் போக மூன்று படி ஏறவேண்டும். ரோடு போட வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புது ரோட்டைப் போட்டார்கள். இப்போது இரண்டு படி இறங்கவேண்டும். மழை பெய்தால் தெருத் தண்ணீர் யாரையும் கேட்காமல் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் தறிக்குழி. இங்கே முக்கால்வாசி வீடுகளில் முன்பு குழித்தறி இருந்தது. நெசவாளி தரையில் உட்கார்ந்து, மூன்றடி ஆழக் குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மிதிப்பார். பிறகு விசைத்தறி வந்தது, ஜவுளிக்கடை வந்தது, பிள்ளைகள் சம்பளத்துக்குப் போனார்கள். குழியை மூடவேண்டியதாயிற்று. எதைப் போட்டு மூடினார்கள் என்கிறீர்கள்? உடைந்த ஓடு, அடுப்புச் சாம்பல், கிழிந்த பாய், கையில் கிடைத்ததெல்லாம். மேலே டைல்ஸ் ஒட்டினார்கள். கீழே குழி பஞ்சுபோல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது.

அதனால் மாதேஸ்வரன் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்: "தறிக்குழி எங்கெங்க இருந்துச்சுங்க?"

உடனே வீட்டுக்காரர்களுக்கு முகம் மாறும். இப்போது எல்லோரும் டெக்ஸ்டைல்ஸ் அதிபர்கள். நானும் சும்மா இல்லை. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவன் என்கிற மிடுக்கில், "எங்க வீட்ல தறியே கிடையாதுப்பா" என்றேன். அவர் கடப்பாரையால் கூடத்தில் நாலு இடத்தில் தட்டினார். ஐந்தாவது இடத்தில் சத்தம் மாறியது. டைல்ஸைப் பெயர்த்துத் தோண்டியதும் என் அப்பாவின் மிதிகட்டை வந்தது.

"ஆரோ கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டாங்களாட்டம் இருக்குதுங்க" என்று துடைத்து என் கையில் கொடுத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் எதிர்வீட்டு அண்ணன் தம்பிகள் பாடாய்ப் படுத்தினார்கள்.

அண்ணன் கைலாசம், தம்பி குமரகுரு. பதினொரு வருஷத்துக்கு முன்னால் பாகப்பிரிவினை நடந்தது. இருபத்திரண்டடி அகல வீடு, ஆளுக்குப் பதினொன்று. நூல் பிடித்துப் பார்த்தால் கோடு சரியாகத் தறிக்குழியின் நடுவில் போனது. ஒரு முழம் தள்ளிச் சுவர் கட்டினால் யாராவது ஒருவருக்கு ஒரு முழம் நஷ்டம். அண்ணன் விடாக்கண்டன், தம்பி கொடாக்கண்டன். குழியில் மண்ணைத் தள்ளி, அதன்மேலேயே சுவரை எழுப்பிவிட்டார்கள். அவர்கள் அப்பா உட்கார்ந்து நெய்த பள்ளத்தின்மேல் பத்தடிச் சுவர், அதன்மேல் கூரை விட்டம். இப்படி ஒரு கட்டுமானத்தை எங்கள் தெரு ஆட்களால் மட்டும்தான் யோசிக்க முடியும்.

சுவரில் ஈரம் ஏறியது. கைலாசம், நவீன்குமார் என்ற ஒரு பெயிண்ட் விற்பனையாளரை அழைத்துவந்தார். கழுத்தில் டை, கையில் ஈரம் அளக்கும் கருவி. அந்தக் கருவி எந்தச் சுவரில் வைத்தாலும் கத்தியது. அவருடைய நெற்றியில் வைத்திருந்தாலும் கத்தியிருக்கும். தண்ணீர் புகாத பூச்சு என்று அண்ணன் பக்கம் மூன்று கோட்டிங் அடித்தார். அந்தப் பக்கம் வழியடைத்ததும் ஈரம் தம்பி பக்கம் போனது. குமரகுரு பொறுப்பாரா? அதே நவீன்குமாரைக் கூப்பிட்டு நான்கு கோட்டிங் அடித்தார். இரண்டு பக்கமும் அடைபட்ட ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறியது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நவீன்குமார் அந்த வருஷம் கார் வாங்கினார்.

போன புரட்டாசியில் சுவர் தம்பி வீட்டுப் பக்கம் வயிறு தள்ளியது. அதே மாதம் குமரகுருவின் மகள் ஷாலினி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். முன்னறை முழுக்க விற்பனைக்கான சேலைக்கட்டு, பின்னால் சமையல். கட்டில் போட அந்தச் சுவரோரம் தவிர வேறு இடம் இல்லை.

அப்போதுதான் மாதேஸ்வரனைக் கூப்பிட்டார்கள். அவர் சுவரை ஒருமுறை பார்த்தார், கட்டிலை ஒருமுறை பார்த்தார்.

"ஏனுங்க, இது அடைமழை தாங்காதுங்க. கீழ மண்ணு கரைஞ்சுபோச்சு. சுவத்தப் பிரிச்சுப்போட்டு, குழியை உட்டுத் தள்ளிக் கட்டோணுமுங்க."

"எந்தப் பக்கம் தள்ளி?" என்றார் குமரகுரு.

அதே கேள்வியை அரைமணி கழித்துக் கைலாசமும் கேட்டார். ஷாலினியின் அம்மா ஸ்ரீதேவி கண்கலங்கி நின்றாள். "நீங்க சொல்றத அவரு வீட்ல போய்ச் சொல்லுங்க" என்பதே இரண்டு வீட்டிலும் பதில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெற்ற மகள், வயிற்றில் பிள்ளை, தலைமாட்டில் விழப்போகிற சுவர். இவர்கள் முழக்கணக்கு பேசுகிறார்கள்.

மாதேஸ்வரன் கோபப்படவில்லை. மறுநாள் காலை குமரகுரு வீட்டுக்குள் நாலு இரும்பு ஜாக்கியைக் கொண்டுவந்து, கூரை விட்டத்துக்கு முட்டுக்கொடுத்தார். அரைமணியில் கைலாசம் வந்துவிட்டார்.

"என்னாப்பா மாதேசு, அங்க முட்டுக் கொடுத்து என் பக்கம் சுவத்த நெட்டித் தள்ளச் சொன்னானா?"

"அப்படித்தானுங்க தெரியுது" என்றார் மாதேஸ்வரன், ஒன்றும் தெரியாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு.

"எனக்கு ஆறு ஜாக்கி வை."

ஆக, பாரம் முழுதும் பத்து ஜாக்கிமேல் ஏறியது. இனிச் சுவரைப் பிரித்தாலும் கூரை நிற்கும். என்னிடம் வந்து தேநீர் குடித்தபடி, "உசுருக்குன்னு சொன்னா காதுல ஏறலீங்க. ரோசத்துக்குன்னு சொன்னா உடனே ஏறுது" என்றார். சிரிக்கவில்லை.

அடுத்த காரியத்தையும் அப்படியே முடித்தார். தம்பியிடம், "அண்ணன் ஒரு முழம் தரமாட்டாருங்க. அவுங்க சுவத்த நம்பி எதுக்குங்க இருக்கோணும்? உங்க மண்ணுல உங்க சொந்தச் சுவரு கட்டிக்கங்க" என்றார். அண்ணனிடமும் அதே வார்த்தை. இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குழிக்கு இந்தக் கரையில் ஒரு சுவர், அந்தக் கரையில் ஒரு சுவர், நடுவில் மூன்றடி யாருக்கும் இல்லாத சந்து. ஒரு முழம் விட்டுக்கொடுக்காத இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முழம் இழந்தார்கள், மனநிறைவோடு. தனக்கு ஒரு கண் போனாலும் எதிரிக்கு இரண்டு கண்ணும் போகவேண்டும் என்பார்கள். இங்கே ஆளுக்கு ஒன்றாகப் போனது.

ஷாலினிக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அவள் அங்கே இருந்த ஆறு நாளில் பழைய சுவர் இறங்கியது. பெண் குழந்தை. வீட்டுக்கு அழைத்துவந்தபோது குழியைச் சுத்தம் செய்து, அடியில் கருங்கல் பாவி, சாக்கடைக்குக் குழாய் வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு நீலத் தார்ப்பாய்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றுபோய், தார்ப்பாய் மூன்று வாரம் தொங்கியது.

கைலாசத்துக்குப் பேரன் பேத்தி இல்லை. அவர் மனைவி ஜானகியம்மாள் முதல் நாளே தார்ப்பாயை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். கேட்டால் சீரகத்தண்ணி கொடுக்கப் போனேன் என்பாள். கைலாசம் போகவில்லை. வேலையை மேற்பார்வை பார்க்கிறேன் என்று தார்ப்பாய் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மழையில் ஒரு வேலையும் நடக்கவில்லை. என்ன மேற்பார்வை என்று நான் கேட்டேன்.

"உள்ள வேலை நடக்குது" என்றார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

ஒருநாள் அழுகை நிற்கவேயில்லை. இவர் தார்ப்பாயைப் பார்த்தே, "வயித்துவலியா இருக்கும், குப்புறப் போட்டு முதுகைத் தட்டச் சொல்லு" என்று ஜானகியம்மாளிடம் உரக்கச் சொன்னார். அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் அழுகையும் அடங்கியது. எதிர்த்த பக்கம் குமரகுருவும் நாற்காலி போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார் என்று பிற்பாடு ஸ்ரீதேவி சொன்னாள்.

மழை விட்டது. மாதேஸ்வரன் இரண்டு சுவரையும் எழுப்பி முடித்தார். ஒன்பது அங்குலக் கனம், பழுதே சொல்லமுடியாத வேலை. அடுத்த மழைக்குத் தெருவே மிதந்தபோதும் அந்த இரண்டு வீட்டுச் சுவரிலும் விரல் வைத்துப் பார்த்தால் துளி ஈரம் இல்லை. சந்தில் இறங்கிய தண்ணீர் குழிக்குள் போய்க் குழாய்வழியாக வெளியேறியது.

தையில் மாதேஸ்வரன் கடைசியாக ஜாக்கிகளை ஏற்றிப்போக வந்தார். நானும் கூடப் போனேன். கைலாசம் புதுச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஈரம் ஏதும் வருதுங்களா?"

"இல்ல. காய்ஞ்சு கெடக்கு."

"பின்ன என்னங்க?"

கைலாசம் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "புள்ள அழறது கேக்க மாட்டேங்குது."

மாதேஸ்வரன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு சுவருங்க, நடுவுல சந்துங்க. எப்படிங்க கேக்கும்?"

"ஒரு ஜன்னல் மாதிரி... சின்னதா, காத்துக்கு. போடமுடியாதா?"

"போடலாமுங்க. உங்க சுவத்துல ஒண்ணு, அவுங்க சுவத்துல ஒண்ணு, நேருக்கு நேரா உடோணும். தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணுமுங்க."

"நீ போய்க் கேளேன்."

"நான் கேட்டா சந்துக்குக் காத்து வேணும்னுதானுங்க கேப்பேன். புள்ள அழறது வேணும்னு நீங்கதானுங்க கேக்கோணும்."

கைலாசம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தம்பி வாசலுக்குப் பத்தடி கூட இருக்காது. நானும் மாதேஸ்வரனும் ஜாக்கியை வண்டியில் ஏற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அந்த வாசல்வரை போனார், நின்றார், உள்ளே எட்டிப்பார்த்தார். பிறகு தெருக்கோடிப் பால்கடைக்குப் போய்விட்டார்.

அவர் இப்போது தினமும் மூன்று தடவை, தம்பி வாசலைத் தாண்டி, பால் வாங்கப் போகிறார்.