பெடல் இல்லாத சைக்கிளும் ஏழு வளைவுகளும்

போன சனிக்கிழமை காலை எங்கள் தோட்டத்து மேட்டு ரோட்டில், ஐம்பத்திரண்டு வயதில், ஹெல்மெட்டோடு ஒரு சைக்கிளில் உட்கார்ந்திருந்தேன். கீழே ஏழு கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்தில் நுவரெலியாவிலிருந்து வந்த நடுவர். புறப்படாமல் கைகளைத் தேய்த்துக்கொண்டே நேரம் கடத்தினேன். குளிர் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது!

இதெல்லாம் எனக்குத் தேவையா?

எல்லாம் என் சிநேகிதன் அந்தோணியால் வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் பதினாலு வருஷமாக ஹெல்பர். மெஷின் நின்றுபோனால் அவனைத்தான் தேடுவார்கள். மெஷினைப் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை கேட்டால் மட்டும் சான்றிதழ் எங்கே என்பார்கள். மாவட்டக் கண்டுபிடிப்புப் போட்டியில் தேறினால் பிட்டராக்குவதாகத் தோட்டத்துத் துரை வாக்குக் கொடுத்திருந்தார். அவ்வளவுதான்... இரண்டு சக்கரமும் திரும்பும் சைக்கிள் ஒன்றைச் செய்ய இறங்கிவிட்டான்.

உலகத்துக்கு இது புதுசில்லை. வெளிநாட்டில் பலர் செய்து பார்த்திருக்கிறார்கள் — விழுந்தும் பார்த்திருக்கிறார்கள். அந்தோணியின் முதல் சைக்கிளில் இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் திரும்பின. அது நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, என்னையும் ஏற்றிக்கொண்டு ரோட்டோர வடிகாலான கானுக்குள் இறங்கியது. இரண்டாவதில் பின்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பியது. வளைவில் அற்புதம், நேர் ரோட்டில் குடிகாரன். மூன்றாவதில் ஒரு பூட்டு வைத்தான். நேர் ரோட்டில் பின்சக்கரம் அசையாது. வளைவு வந்ததும் நெம்புகோலை இழுத்தால் திரும்பும்.

ஒரே தொல்லை, பின்சக்கரம் திரும்பும்போதெல்லாம் செயின் கழன்றது. அதனால் செயினையும் பெடலையும் கழற்றி வீசிவிட்டான்.

"ஏறும்போது தள்ளிட்டுத்தானே போறோம், இறங்கும்போது அதுவா ஓடுது. பெடல் எதுக்குண்ணே?"

சரிதானே என்று நானும் தலையாட்டினேன்.

போட்டி நடந்த நுவரெலியா மைதானத்தில் அவன் விளக்கம் சொல்ல, நான் ஓட்ட வேண்டும். ஏறி உட்கார்ந்தேன். சைக்கிள் அசையவில்லை. தரை... சமமாக இருந்தது! சமதரை என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே நாங்கள் இருவரும் மறந்துபோயிருந்தோம்.

பெடல் எங்கே என்று நடுவர் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்படியே பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது. அந்தோணி அசையவில்லை.

"எங்க தோட்டத்துல சமதரையே இல்லைங்க சார். ஒண்ணு மேடு, இல்லாட்டிப் பள்ளம். ஒருக்கா வந்து பாருங்க. ஓடலைன்னா போட்டியிலேருந்து நானே பேரை வெட்டிக்கிறேன்."

நடுவர் டயரியைப் புரட்டினார். சனிக்கிழமை வருகிறேன், ஏழு வளைவிலும் கால் ஊன்றாமல் இறங்கினால் தேறியதாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

யார் கால்? என் கால்!

அப்படித்தான் மேட்டுக்கு வந்து சேர்ந்தேன். அந்தோணி காதருகில் குனிந்து, "பதினாலு வருசம்ணே" என்றான். அதற்குமேல் எப்படி இறங்கி ஓடுவது?

பிரேக்கை விட்டேன். முதல் வளைவு போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் என் முருகனையும் அந்தோணியின் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து கூவினார்கள்.

"அண்ணே, கண்ணைத் தொறந்துகிட்டு ஓட்டுங்க!"

திறந்தேன். எதிரே நாலாவது வளைவு. கால் தரைக்குப் போகத் துடித்தது. பல்லைக் கடித்துத் தூக்கிப் பிடித்தேன். நெம்புகோலை இழுத்தேன். சைக்கிள் நின்ற இடத்திலேயே சுற்றினாற்போல் திரும்பியது. ஐந்து... ஆறு... ஏழு! கீழே போய் நின்ற பிறகும் காலை ஊன்ற மறந்து, அப்படியே சாய்ந்து விழுந்தேன். அது கணக்கில் இல்லை.

பின்னால் அந்தோணியை ஏற்றிக்கொண்டு காரில் வந்த நடுவரைக் காணோம். மேலே ஏறிப் போனால், நாலாவது வளைவில் அவர் காரை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பப் பார்த்ததில், அதன் பின்சக்கரம் கானில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தோணியும் நானும் தோள் கொடுத்துத் தூக்கிவிட்டோம். அவர் இறங்கி, கீழே தெரிந்த மூன்று வளைவையும் ஒருமுறை பார்த்து, பொனட்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பாவம், அவருடைய காரில் முன்சக்கரம் மட்டும்தான் திரும்புகிறது.