பின்னால் மிதித்தால் நிற்கும் வண்டி

எங்கள் ரோட்டர்டாமில் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு ஹேண்டில்பார் மொட்டையாக இருக்கும்; பிரேக்கும் கிடையாது, பிரேக் கம்பியும் கிடையாது. அப்படி ஒரு பழைய வண்டியைத்தான் பக்கத்து வீட்டு டச்சு அம்மாளிடம் என் ஆறு வயது மகள் நசீமாவுக்காக வாங்கினேன். ஏறுமுன் பெடலைக் காலால் பின்னுக்குச் சுற்றி மேலே கொண்டுவருவது நம் வழக்கமல்லவா? சுற்றினேன், அசையவில்லை. துருவேறிவிட்டது என்று எண்ணெய் விட்டேன். அந்த அம்மாள் "நே! நே!", இல்லை இல்லை, என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். போதாது என்கிறார் போலும் என்று இன்னும் கொஞ்சம் விட்டேன். கடைசியில் அவர் நசீமாவை ஏற்றித் தள்ளிவிட்டார். பிள்ளை பெடலைப் பின்னால் மிதித்தாள்; வண்டி நின்றது. அதுதானாம் பிரேக்!

எழுபதுகளில் காரைக்கால் தலத்தெருவில் வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றிய எங்களுக்குப் பின்னால் மிதிப்பது வெறும் பவிசு. கிர்ரென்று சத்தம் கேட்டுத் தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நிறுத்துவதற்குக் கை இருந்தது. கை பிரேக் ஏமாற்றினால் செருப்பு இருந்தது.

எண்பத்து மூன்றில் நாற்பது நாள் விடுமுறையில் காரைக்கால் வந்தோம். இந்த ஊர் தன்னுடையது என்று நசீமாவுக்குத் தோன்ற வேண்டுமே என்பதுதான் என் ஒரே கவலை. என் தங்கை மரியம் வீட்டுச் சின்ன சைக்கிளைப் பார்த்ததும் பிள்ளை ஏறிக்கொண்டாள். எனக்கும் ஒரே பூரிப்பு. அந்தப் பூரிப்பில் சொல்ல வேண்டியதைச் சொல்ல மறந்தேன். மதகுச் சரிவில் வண்டி இறங்க, பிள்ளை பின்னால் மிதிக்க, கால் சும்மா சுற்றியது.

"நானா, புள்ள போவுது! பிரேக்கப் புடிடீ!" என்று மரியம் அண்ணனான என்னையும் பிள்ளையையும் பார்த்துக் கத்தினாள்.

பிடிக்க வேண்டியது எதை என்று நசீமாவுக்குத் தெரிந்தால்தானே! எதிரே வந்த மண்டபத்தூர் மீன்காரம்மாதான் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார்.

"என்ன தாயி, மீன் வாங்க இவ்வளவு அவசரமா?"

நசீமா சிரிக்கவில்லை. "வாப்பா, இந்த ஊர் சைக்கிள் கெட்டுப்போச்சு. நம்ம ஊருக்குப் போவோம்" என்றாள். அந்த 'நம்ம ஊரு' எனக்குச் சுருக்கென்றது.

மரியம் விடவில்லை. தினமும் காலையில் கூடவே ஓடி, "கைய இறுக்குடீ, கைய!" என்று பழக்கினாள். பத்தாம் நாள் பிள்ளை தானாகவே மதகில் ஏறினாள். கீழே அதே மீன்காரம்மா.

"இன்னக்கி நிப்பியா, கூடைய எறக்கவா?"

மீன்காரம்மாவுக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது.

"கையாலதான் புடிச்சிட்டியே, இன்னும் ஏன் தாயி கால சுத்துற?"

"ரெண்டும் வேணும்" என்றாள் நசீமா. ஒரு காலை மண்ணில் ஊன்றியிருந்தாள். மற்றொரு கால் பெடலைப் பின்னுக்கு மிதித்தபடியே இருந்தது.